தேனடை அட்டை

இரும்பை வானிலிருந்து இறக்க
முதலில் வேண்டியது காகிதம்.
நம்பமாட்டீர்கள்.
தேனடைபோல் அறை அறையாய் ஒட்டிய பழுப்பு அட்டை,
ஒன்றின்மேல் ஒன்றாய் என் இடுப்பு உயரம்.
அதன்மேல்தான் டாங்கியை உட்காரவைப்போம்,
பிள்ளை பெற்றவளைக் கட்டிலில் கிடத்துவதுபோல
என்பான் ஹார்வெல் டயல். அவனுக்கு ஆறு பிள்ளைகள்.

மண்ணைத் தொடும் நொடியில் அட்டை நசுங்கும்.
நசுங்குவதுதான் அதன் வேலை.
மேலே எட்டுக் குடைகள்,
விரித்தால் ஒவ்வொன்றும் எங்கள் தேவாலயக் கூரையளவு.
மடித்தவள் பெயரைச் சீட்டில் எழுத வேண்டும்:
வெர்லீன் லாக்லியர், வட கரோலைனா.
பதினோரு வருடம் என் பெயர் வானத்திலிருந்து விழுந்தது.
ஒருமுறையும் கிழிந்ததில்லை.

அதைப் பெரிய வண்டி என்று யாரும் சொன்னதில்லை.
அலுமினியத் தோல்.
கனரக டாங்கிக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.
சுட்டால் முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பும்,
உள்ளே இருப்பவன் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும்.
ஒருமுறை சதுப்பில் விழுந்து
குழல் மட்டும் வெளியே தெரிந்தது,
மூன்று நாள் கயிறு கட்டி இழுத்தோம்.
அதன் ஆட்கள் தனியே குதிப்பார்கள்.
இருட்டில், பைன் மரங்களுக்கு நடுவே,
காரை எங்கே நிறுத்தினோம் என்று மறந்தவர்கள்போல்
தேடித் திரிவார்கள்.

இத்தனை குறையோடும்
அது வந்து நின்றால்
காலாட்படைப் பையன்கள்
அதன் பின்புறச் சூட்டில் குளிர்காய்வார்கள்.

தொண்ணூற்றேழு கோடையில் அவற்றை எடுத்துப்போனார்கள்.
வேறொன்று வரும் என்றார்கள்.
வந்தது, காகிதத்தில்.
காகிதம் எனக்குத் தெரியும்.
இது நசுங்கக்கூடத் தெரியாத காகிதம்.

கர்னல் ஒருவர் வந்து கணக்குக் காட்டினார்:
கனமானது விமானத்தில் ஏறாது,
ஏறுவது அடி தாங்காது.
கணக்கில் பிழையில்லை.
ஒரு டாங்கியின் இடத்தில்
எத்தனை பையன்களை ஏற்றலாம் என்றும் சொன்னார்.
அத்தனை பேரும் திரும்பி வருவார்களா
என்று நாக்கு நுனிவரை வந்தது.
கையிலிருந்த பட்டையை இன்னொரு பிடி இறுக்கினேன்.

அக்டோபரில் என் அக்கா மகன்
ரோலன் ஆக்சென்டைன் குதித்தான்,
லூசியானாவில், ஒத்திகைப் போருக்கு.
காலோடு கட்டிய மூட்டைதான்
அவனுக்குப் பீரங்கி, வண்டி, எல்லாம்.
விமானத்தளம் அரைமணியில் கைக்கு வந்தது.
அப்புறம் சாலை வளைவில் ஒரு கான்கிரீட் வீடு,
அதன் சன்னலில் ஓர் எந்திரத் துப்பாக்கி.
அதற்குப் பதில் சொல்ல ஒரு குண்டு போதும்,
நேராகப் போகும் பெரிய குண்டு ஒன்று.
தோள் ராக்கெட்டோடு மூன்று பேர் ஊர்ந்தார்கள்.
மார்பில் கட்டிய கருவி கீச்சிட்டது.
பிறகு ஐந்து பேர். கீச்.
பிறகு ரோலன்.

விதிப்படி, செத்தவன்
தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும்.
நடுவர் சாவியோடு வந்து
ஒவ்வொரு மார்பாய்த் திருகிக் கீச்சலை நிறுத்துவார்.
முப்பத்தெட்டுப் பேர் புல்லில்.

வேர்க்கடலை தின்னோம் சித்தி, என்றான் தொலைபேசியில்.
ஒருத்தன் குறட்டை விட்டான், நல்ல வெயில்.
சிரித்தான். நானும் சிரித்தேன்.
அந்த வீடு?
பிடிக்கலை சித்தி. சாலை வழியா வண்டிங்க வர
ரெண்டு நாள் ஆகும்னாங்க.
அதுவரை செத்துத்தானே கிடக்கணும்.

இன்று தண்ணீர்ப் பீப்பாய்களுக்கு
அட்டை அடுக்குகிறோம்.
டயல் கடைசிப் பெண்ணின் பல்வலியைப் பற்றிச்
சொல்லிக்கொண்டே இருக்கிறான்.
கொட்டகைக் கோடியில்
பாரந்தூக்கி பின்னால் நகர்கிறது,
கீச், கீச், கீச்.
சாவி யாரிடமும் இல்லை.
தொப்பியைக் கழற்றிவிட்டு
அடுக்கின்மேல் உட்காருகிறேன்.

துளிகூட நசுங்கவில்லை.